லாரிக் கரியா, மூட்டைக் கரியா? குளிர்காலத்துக்கு அந்த்ராசைட் வாங்கி வைப்பது எப்படி

பென்சில்வேனியாவில், வில்க்ஸ்-பாரி பக்கம் பழைய வீடு வாங்கினால் பேஸ்மெண்டில் ஒரு மூலையைப் பார்த்துக் குழம்பிப்போவீர்கள். சுவரோரமாகப் பலகை அடித்து, மாட்டுத்தொட்டியைப் பெரிதாக்கிய மாதிரி ஒரு தடுப்பு. அதற்கு நேர் மேலே, தெருப்பக்கச் சுவரில், இரும்புக் கதவு போட்ட சின்ன ஜன்னல். அதுதான் கரித்தொட்டி. நம் ஊரில் அறுவடை முடிந்ததும் குதிரில் நெல் கொட்டி வைத்த மாதிரி, இங்கே குளிர்காலத்துக்கு வேண்டிய கரியை அந்த ஜன்னல் வழியாகக் கொட்டி வைத்தார்கள். இன்றைக்கும் சில வீடுகளில் கொட்டுகிறார்கள். எங்கள் வீடு அதில் ஒன்று.

சமீபத்தில் இங்கே வீடு வாங்கிய நண்பர் குடும்பம் கேட்டது: "ஸ்டவ் நல்லா இருக்கு. கரியை லாரியில வாங்கறதா, மூட்டையா வாங்கறதா? இப்பவே வாங்கணுமா, அக்டோபர்ல பார்த்துக்கலாமா?" போனில் அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அவர்களுக்கு முதலில் சொன்னது இதுதான்: விலையிலிருந்து தொடங்காதீர்கள். கரியை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். இடம் முடிவானால் மற்ற முடிவுகளில் பாதி தானாக வந்துவிடும். எனக்கு இது புரிய ஒரு முழுக் குளிர்காலம் ஆனது.

இங்கே எரிப்பது எந்தக் கரி என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நிலக்கரி என்றதும் நம்மில் பலருக்கு நெய்வேலி ஞாபகம் வரும். நெய்வேலியில் வெட்டுவது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் புகையவும் தொடங்கும். அதை அப்படியே வீட்டில் எரிக்க முடியாது என்பதால்தான் ஒரு காலத்தில் அதைச் சுட்டுக் கட்டியாக்கி 'லெக்கோ' என்ற பெயரில் அடுப்புக்கு விற்றார்கள். வடகிழக்குப் பென்சில்வேனியாவின் அந்த்ராசைட் இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருக்கிறது. கரிகளிலேயே கடினமானது இதுதான். கார்பன் 86 சதவீதத்துக்கு மேல். உடைத்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். கழுவிய கட்டியைக் கையில் எடுத்தால் விரலில் கறுப்பு ஒட்டாது. புகை கிட்டத்தட்ட இல்லை. குவியலில் தானாகத் தீப்பிடிக்கும் குணமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே டன் கணக்கில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடிவது அதனால்தான். நீங்கள் இருக்கும் ஊரில் கிடைப்பது மென்கரி (பிட்டுமினஸ்) என்றால், வைத்திருப்பது பற்றி நான் கீழே எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த அளவு: அதை உங்கள் ஸ்டவ்தான் சொல்லும்

இந்தக் கரி சுலபத்தில் பற்றாது. ஆரம்பகாலத்தில் பலர் இதைக் கல் என்றே ஒதுக்கினார்கள். 1808 பிப்ரவரி 11 அன்று, இதே வில்க்ஸ்-பாரியில், ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் தன் விடுதியில் ஓர் இரும்புத் தட்டி செய்து, அதன்மேல் கரியைப் போட்டு, துருத்தி இல்லாமலே எரித்துக் காட்டினார். கீழிருந்து காற்று வர வழிவிட்டால் போதும், கரி தானாக எரியும் என்பதே அவர் காட்டியது. இன்றைய ஸ்டவ்களும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன. கரிக்கட்டிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் காற்று போகும் பாதை. அதனால் கட்டியின் அளவு தவறினால் அடுப்பே தவறிவிடும்.

கரி அளவுகளின் பெயர்களைக் கேட்டால் பலசரக்குக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ரைஸ், பக்வீட், பீ, நட், ஸ்டவ், எக். அரிசி, ஒருவகைத் தானியம், பட்டாணி, கொட்டை, நடுவில் அடுப்பு, கடைசியில் முட்டை! ரைஸ் என்பது ஏறக்குறைய 5 முதல் 8 மில்லிமீட்டர். பக்வீட் 8 முதல் 14. பீ 14 முதல் 21. நட் 21 முதல் 41. ஸ்டவ் 41 முதல் 62. எக் அதற்கும் மேல்.

மோட்டார் வைத்துத் தானாகக் கரி ஊட்டிக்கொள்ளும் 'ஸ்டோக்கர்' உங்கள் வீட்டில் இருந்தால் ரைஸ் அல்லது பக்வீட். வேறு எதுவும் அதில் ஓடாது. கையால் கரி அள்ளிப் போடும் ஸ்டவ் என்றால் நட்தான் பொதுவான தேர்வு. பெரிய ஸ்டவ்வாக இருந்தால் நட்டோடு ஸ்டவ் அளவைக் கலந்துகொள்ளலாம். பீ கொஞ்சம் மெதுவாக எரியும். குளிர் அதிகமில்லாத அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் நட்டுக்கு மேலே பீயைத் தூவித் தீயை அடக்கி வைப்பவர்கள் உண்டு. விற்பவர் "இன்னிக்கு நட் இல்லை, பீ தரட்டுமா" என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் ஸ்டோக்கர் வைத்திருப்பவர் நட் வாங்கினாலும், கைஸ்டவ் வைத்திருப்பவர் ரைஸ் வாங்கினாலும் பணம் வீண்.

எவ்வளவு வேண்டும்

எங்கள் கைஸ்டவ் குளிர்நாளில் தினம் 40 பவுண்டு கரி தின்னும். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் முடிய ஏறக்குறைய 150 நாள். 40 பவுண்டு வீதம் 6,000 பவுண்டு. இங்கே டன் என்றால் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. ஆக 3 டன். வீடு பெரிதாக இருந்தாலோ, ஜன்னல்கள் பழசாக இருந்தாலோ நாலு, ஐந்து டன் வரை போகலாம். முதல் வருஷம் கணக்குத் தெரியாதவர்கள் 3 டன்னில் தொடங்குங்கள். மிஞ்சினால் நஷ்டமில்லை. மரத்தூள் குச்சி நனைந்தால் பொங்கிப் பாழாகும், விறகு மட்கும். அந்த்ராசைட்டுக்கு வயசே ஆவதில்லை. பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் அதே சூடுதான்.

மற்ற எரிபொருளோடு ஒப்பிட ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு டன் அந்த்ராசைட்டில் சுமார் 2.5 கோடி பி.டி.யூ. (இங்கே வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் உண்டு. ஒரு காலன் ஹீட்டிங் ஆயிலில் சுமார் 1,38,500. அதாவது ஒரு டன் கரி ஏறக்குறைய 180 காலன் எண்ணெய்க்குச் சமம். இன்றைய எண்ணெய் விலையை 180-ஆல் பெருக்கி, கரிக்காரர் சொல்லும் டன் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்சார ஹீட்டரோடு ஒப்பிட 7,300 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இயற்கை எரிவாயுக் குழாய் வந்திருந்தால், உண்மையைச் சொல்கிறேன், கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கரியை மறந்துவிடுவதும் நியாயம்தான். தினம் இரண்டு வேளை கரி போட்டு, சாம்பல் அள்ளும் உழைப்புக்கு இந்தக் கணக்கில் விலை போடவில்லை.

லாரியா, மூட்டையா, நாமே போய் ஏற்றிவருவதா

லாரிக் கரி டன்னுக்கு எப்போதும் மூட்டையைவிட மலிவு. இங்கே கரி கொண்டுவரும் லாரிகளில் ஒரு வகை உண்டு; பெட்டி முழுவதும் மேலே உயர்ந்து நிற்கும். அங்கிருந்து பேஸ்மெண்ட் ஜன்னலுக்குத் தகரச் சரிவு ஒன்றைப் பொருத்துவார்கள். கதவைத் திறந்ததும் கரி சலசலவென்று இறங்கும். கூழாங்கல் ஓடையில் உருளுகிற மாதிரி ஒரு சத்தம். பத்து நிமிஷத்துக்குள் 3 டன் உள்ளே போய்விடும். நீங்கள் ஒரு மண்வெட்டியைக்கூடத் தொட வேண்டாம்.

ஆனால் இந்தச் சுகம் லாரி உங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தால்தான். வராவிட்டால் கரியை வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். தள்ளுவண்டிக்கு 150 பவுண்டு என்றால் ஒரு டன்னுக்கு 13, 14 நடை. மூன்று டன்னுக்கு 40 நடை. ஆர்டர் கொடுக்கும் முன் ஜன்னலிலிருந்து லாரி நிற்கக்கூடிய இடம் வரை அளந்து, அந்த எண்ணைப் போனில் சொல்லுங்கள். சரிவு எட்டுமா எட்டாதா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

லாரிக் கரியில் இன்னொரு கவலை, தூள். இரண்டாவது வருஷம் நான் வேறொருவரிடம் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதென்று நட் வாங்கினேன். பேர் சொல்ல வேண்டாம். மேல்பாதி நன்றாகத்தான் இருந்தது. ஜனவரியில் தொட்டியின் அடிக்கு வந்தபோது வாளியில் பாதிக்குப் பாதி ஈரமான கறுப்பு மணல். அதைப் போட்டால் தீயின்மேல் சேறு பூசிய மாதிரி காற்று அடைத்துக்கொள்ளும். அரைஅங்குலக் கம்பிவலை வாங்கி, சட்டம் அடித்து, ஒவ்வொரு வாளியையும் சலித்துத்தான் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினேன். அந்தத் தூளை எறியவில்லை. இரவில் தீயை அடக்க மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் காலி செய்தேன். இப்போதெல்லாம் புது ஆளிடம் வாங்கும் முன் ஒரு வாளிக் கரியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்க்கிறேன். தண்ணீர் கறுக்கத்தான் செய்யும், அது பரவாயில்லை. அடியில் விரல் தடிமனுக்குத் தூள் படிந்தால் வேறு ஆளைத் தேடுவேன். சரிவுத் தகரத்தின் அடியில் சல்லடை வைத்திருக்கும் லாரி கிடைத்தால் விடாதீர்கள்.

எடைச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். காலி லாரி எடை, கரியோடு எடை, இரண்டின் வித்தியாசம் அதில் இருக்க வேண்டும். தூசு பறக்காமலிருக்கக் கரியில் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அந்தத் தண்ணீருக்கும் கரி விலைதான் கொடுக்கிறோம். இறங்கும்போது சொட்டச் சொட்ட இருந்தால் கேளுங்கள்.

மூட்டைக்கு வருவோம். பெரும்பாலும் 40 பவுண்டு பிளாஸ்டிக் பை. 50 பை சேர்ந்தால் ஒரு டன். டன் கணக்கில் பார்த்தால் விலை அதிகம். ஆனால் வீட்டில் தொட்டி கட்ட வேண்டாம். பேஸ்மெண்ட் முழுக்கத் தூசு படியாது. தினம் ஒரு பை என்று அளவும் சுலபம். பையில் வருவது சலித்த கரி என்பதால் தூளும் பொதுவாகக் குறைவு. வாடகை வீட்டில் இருப்பவர்கள், எண்ணெய் ஹீட்டர் இருந்து கடுங்குளிர் வாரங்களுக்கு மட்டும் கரி எரிப்பவர்கள், இரண்டு டன்னுக்குக் கீழே வாங்குபவர்கள் எல்லாருக்கும் நான் மூட்டையைத்தான் சொல்வேன். தொட்டி கட்டும் செலவையும் நேரத்தையும் பார்த்தால் விலை வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள்: 40 பவுண்டைத் தினம் படியிறக்கித் தூக்கப்போவது யார்? எங்கள் வீட்டில் அம்மா வந்து தங்கும் மாதங்களில் அவரால் பையைத் தூக்க முடியாது. தொட்டியிலிருந்து அரைவாளி அள்ளிப் போட முடியும்.

மூன்றாவது வழி, பிக்கப் வண்டி எடுத்துக்கொண்டு கரி உடைத்துச் சலிக்கும் 'பிரேக்கர்' ஆலைக்கு நேரே போவது. இங்கே ஸ்கூல்கில், நார்தம்பர்லாண்ட் கவுண்டிகள் பக்கம் ஆலைகள் இருக்கின்றன. எங்கள் ஊருக்கு அடியிலேயே கரி இருந்தும் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றால், 1959 ஜனவரி 22 அன்று நாக்ஸ் சுரங்கத்தின் கூரை உடைந்து சஸ்குவஹானா ஆறு உள்ளே புகுந்தது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் ஆழ்சுரங்கத் தொழில் அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது. இங்கே ஒவ்வொரு வாளிக் கரிக்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. அடுப்பில் போடும் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆலையில் விலை எல்லாவற்றையும்விடக் குறைவு. ஆனால் சாதாரண அரைடன் பிக்கப்பில் ஒரு முழு டன் ஏற்றாதீர்கள். பெரும்பாலானவை 1,500 பவுண்டு சுமாருக்குத்தான் தாங்கும். மலைச்சாலையில் பிரேக் பிடிக்கும்போதுதான் அது தெரியும். மூன்று டன்னுக்கு நாலைந்து நடை, பெட்ரோல், மறுபடி இறக்கி அள்ளும் வேலை. ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது கட்டுப்படியாகும்.

கோடையா, குளிரா

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜூன், ஜூலையில் வாங்குங்கள். முதல் உறைபனி விழுந்த வாரத்தில் ஊரே போன் செய்யும். லாரிக்குக் காத்திருக்க வேண்டும். கோடையில் வாங்கினால் காய்ந்த நாளாகப் பார்த்து இறக்கலாம், அளவைத் தேர்ந்தெடுக்கலாம். 1902-இல் இந்த அந்த்ராசைட் சுரங்கங்களின் தொழிலாளர்கள் மே 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி, அக்டோபர் 23 வரை நடத்தினார்கள். குளிர் நெருங்க நெருங்க நகரங்களில் கரிக்குத் தவிப்பு ஏற்பட்டு, கடைசியில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே இரு தரப்பையும் வாஷிங்டனுக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அந்த அளவுக்கு இப்போது ஒன்றும் நடக்காது. ஆனாலும் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதைக் கரிக்காரர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வாங்க ஒரே நியாயமான காரணம், கையில் மொத்தமாகப் பணம் இல்லாதது. அப்படியென்றால் மாதம் பத்துப் பதினைந்து மூட்டையாக வாங்கிச் சேருங்கள். அதில் தவறே இல்லை.

வைக்கும் இடம்

முதல் வருஷம் நான் செய்தது: இரண்டு டன் லாரிக் கரியைக் கொல்லைப்புறத்தில் வெறும் மண்ணில் கொட்டி, மேலே ஒரு தார்ப்பாய் விரித்தேன். நவம்பரில் நாலு நாள் மழை. காற்று தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கிவிட்டது, நானும் கவனிக்கவில்லை. அப்புறம் ஒரே இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸுக்குப் போய்விட்டது. காலையில் மண்வெட்டியை வைத்தால் டங் என்று திரும்பியது. குவியல் முழுவதும் ஒரே பாறை. கடப்பாரையால் குத்திக் குத்தி, பனிக்கட்டி ஒட்டிய கரியை வாளியில் போட்டு, பேஸ்மெண்டில் உருகவிட்டு, அடுத்த நாள் எரித்தேன். அடியில் பாதி அங்குலம் மண்ணோடு கலந்து வீணானது. நனைந்ததால் கரி கெடவில்லை, உறைந்ததுதான் தொல்லை.

வெளியேதான் வைக்க முடியும் என்றால் கான்கிரீட் தரையோ, பலகைத் தளமோ வேண்டும். சரிவான மூடி வேண்டும். அடியில் தண்ணீர் வடிய இடம் வேண்டும். இரும்புத் தொட்டி வேண்டாம். ஈரக் கரியிலிருந்து வடியும் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் இருக்கும், சில வருஷத்தில் தகரம் ஓட்டையாகிவிடும். மூட்டையை வெளியே அடுக்கினாலும் வெயில் படாமல் மூடுங்கள். ஒரு கோடை முழுக்க வெயில் பட்ட பை, தூக்கும்போதே கிழியும். பைக்குள்ளும் ஈரம் இருக்கும் என்பதால் அதுவும் உறையும். கடுங்குளிரில் நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே உள்ளே கொண்டுவந்து வையுங்கள்.

பேஸ்மெண்ட் தொட்டிதான் எல்லாவற்றிலும் நல்லது. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 40 கன அடி இடம் வேண்டும். 3 டன்னுக்கு 6 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரம். அதற்கு மேல் உயரம் வேண்டாம். கரி பக்கவாட்டில் தள்ளும் பலம் கொட்டிப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் பழைய தொட்டியின் ஒரு பக்கம் வயிறு தள்ளிய மாதிரி வெளியே வந்தபோது, எதிரெதிர்ச் சுவர்களைக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டினேன். முன்பக்கப் பலகைகளை ஆணி அடிக்காமல் பள்ளத்தில் சொருகி வையுங்கள். கரி குறையக் குறைய ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். ஸ்டவ்வுக்கும் தொட்டிக்கும் நடுவில் மூன்று அடியாவது இருக்கட்டும். கரி பற்றாவிட்டாலும் பலகையும் பையும் பற்றும். அள்ளும் முன் ஒரு குவளைத் தண்ணீர் தெளித்தால் தூசு எழாது.

சாம்பலுக்கும் இடம் யோசியுங்கள். எரித்த கரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே சாம்பலாக வரும். 3 டன்னுக்கு 600 பவுண்டுக்கு மேல். மூடியுள்ள இரும்பு டப்பாவில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் இல்லாமல் கல்லிலோ சிமெண்டிலோ வையுங்கள். கனன்றுகொண்டிருக்கும் சாம்பலை பேஸ்மெண்டில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கசியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் அதைக் கண்டு ஒலிக்கும் எச்சரிக்கை மணி இல்லாத வீட்டில் கரி எரிக்கவே கூடாது. கரியை வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

புதுக் கரி போடும்போது தீ முழுவதையும் மூடாமல், ஒரு மூலையில் சிவப்பைத் தெரியவிடுங்கள். கரியிலிருந்து எழும் வாயு அங்கே பற்றிக்கொள்ளும். மூடிவிட்டால் சேர்ந்து நின்று ஒரே நேரத்தில் வெடிக்கும். சரியாகப் போட்டால் சில நிமிஷத்தில் கரிமேல் மெல்லிய நீலச் சுடர்கள் எழுந்து அசையும். விளக்கை அணைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்காகவே நான் ஜனவரியை எதிர்பார்க்கிறேன்.

நண்பர் வீட்டில் பேஸ்மெண்ட் ஜன்னல் இருக்கிறது. வண்டிப்பாதை அதை ஒட்டியே போகிறது. ஸ்டவ் கைஸ்டவ். அதனால் ஜூன் மாதம் 3 டன் நட், லாரியில் என்று சொன்னேன். அதோடு பத்து மூட்டை தனியாக, கதவுக்குப் பக்கத்தில். யாருக்காவது காய்ச்சல் வந்து தொட்டிப்பக்கம் போக முடியாத நாளில், கூப்பிட்டதும் வரும் பக்கத்து வீட்டுப் பையனால் ஒரு பையைப் பிரித்துக் கொட்ட முடியும். பழைய தொட்டியின் அடிப்பலகை மட்டும் உளுத்திருக்கிறது. கரி வருவதற்கு முன் அதை மாற்ற வரும் சனிக்கிழமை போகிறேன்.